ஏழாம் நம்பர் மெஷினில் ஊசி ஏன் உடைந்தது

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்றே முடிவு செய்து, பிரியாணி சாப்பிட்டுத் தூங்கியும் விட்டேன். ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் பசங்க, "அண்ணா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டபோதெல்லாம், "எண்ணெய் போடு, சம்பளம் வாங்கு, அவ்ளோதான்டா அனுபவம்" என்று துரத்திவிட்டவன் நான். ஒன்பதாம் வகுப்பைத் தாண்ட முடியாமல் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் எழுதச் சொன்னால் வேறு என்ன வரும்?

போன வாரம் உங்களில் ஒருத்தன் என் கடைக்கு வந்தான். யார் என்று சொல்லமாட்டேன், காது மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணா, எங்க லைன்ல ஒரு அக்கா சும்மா சும்மா ஊசி ஒடைக்குது. பேஜார் புடிச்ச கேஸு. மேல சொல்லிட்டா வேலைய உட்டுத் தூக்கிடுவாங்க. சொல்லிடட்டா?" என்று கேட்டான்.

பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். ரிட்டயர் ஆன கிழவன் பேச்சு என்று நினைக்காதீர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. கம்பெனியை விட்டுவிட்டு ஆம்பூர் பைபாஸ் ஓரம் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். மெஷினைக் கழற்றிப் பூட்டுவதை நான் சொல்லித்தர வரவில்லை. அதை நீங்களே நாலு தடவை கெடுத்துக் கற்றுக்கொள்வீர்கள்.

தையல் ஹாலின் ஊசிச் சட்டம் உங்களுக்குத் தெரியும். ஊசி உடைந்தால் கடைசித் துணுக்கு வரை தேடி எடுத்து, தாளில் ஒட்டி, முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு ஷூவுக்குள் தங்கி, கடல் தாண்டி இருக்கிற எவன் காலிலாவது குத்திவிட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அதனால் துண்டுகள் கிடைக்கும்வரை மெஷின் ஓடக்கூடாது. ஓட்டுகிற பெண் எழுந்து நின்று தேட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி வரை எழ முடியாத அந்த ஹாலில், ஒரு பெண் கேள்வி இல்லாமல் எழுந்து நிற்க இது ஒன்றுதான் வழி. பாத்ரூம் போவதற்கா? லைனுக்கு ஒரே ஒரு பாஸ் அட்டை. அது ஆணியில் தொங்கினால் போகலாம். தொங்காவிட்டால் மகாலட்சுமியே வந்தாலும் அடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

ஏழாம் நம்பர் மெஷினில் இருந்தவள் சங்கீதா. என் தோஸ்த் தினேஷின் மனைவி. இரண்டும் நான் வைத்த பெயர்கள். பிரசவத்துக்குப் போனவள், குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பி வந்தாள். போகும்போது அந்த லைனிலேயே வேகமான கை அவளுடையது. திரும்பி வந்த பிறகு ஊசி உடையத் தொடங்கியது. ஊசி என்றால் ஒன்றிரண்டு இல்லை. ஹாலில் அவளுக்கு "ஊசிமணி" என்றே பேர் விழுந்துவிட்டது.

நான் மெஷினை மூன்று தடவை குடைந்து பார்த்தேன். தங்கம் மாதிரி ஓடியது. ஊசி தானாக உடைந்தால் கீழே தகட்டில் ஒரு கீறலாவது விழும். இதில் எதுவுமே இல்லை. யாரோ கையால் வளைத்து ஒடித்த மாதிரி சுத்தமாக முறிந்திருந்தது. அடுத்த தடவை கூப்பிட்டபோது மேசைக்கடியில் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டே வம்புக்கு இழுத்தேன்.

"இன்னா தங்கச்சி, ஊசி மேல கோவமா, இல்ல ஊட்ல தினேஷ் மேல கோவமா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்து, மேல் உதட்டில் வேர்வை. மூடியிருந்த கையை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகத் திறந்தாள். உடைந்த துண்டுகள் எல்லாம் உள்ளங்கையிலேயே இருந்தன.

"கொஞ்ச நேரம் தேடுண்ணா," என்றாள். "கெடைக்காத மாதிரி தேடு."

தேடினேன். கிடைக்கவே கிடைக்காத மாதிரி, அடுத்த மெஷின் அடி வரைக்கும் தவழ்ந்து போய்த் தேடினேன். நடிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டூல்தான் சரியில்லையோ என்று நினைத்து வேறு ஸ்டூல் மாற்றினேன். பஞ்சு வைத்துத் தைத்த திண்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஊசி உடைவது நிற்கவில்லை.

அந்த வாரமே தினேஷ் என்னை டீக்கடைக்கு வரச் சொன்னான். அவன் டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிறவன். வந்தவன் டீயை ஆற வைத்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கம்பெனியில அவ எவன்கிட்டயாவது ஜாஸ்தி பேசறாளா?"

"பேசறாளே."

நிமிர்ந்தான். "எவன்டா அவன்?"

"நான்தான். ஊசி மாத்தச் சொல்லி ஒரு நாளைக்கு நாலு தடவ கூப்புடறா. வந்து அடி."

அவன் சிரிக்கவில்லை. "வெளையாடாதடா. கொழந்த பொறந்ததுலேர்ந்து என்னக் கிட்டவே சேக்க மாட்டேங்கிறா. கைய வச்சாலே கட்ட மாதிரி வெறச்சிக்கிறா. அழுவறா. எங்கம்மா சொல்றாங்க, மனசுல வேற எவனோ இருக்கறான்னு. ஞாயித்துக்கெழம அவள கலவை ஊர்ல இருக்கற அவங்கம்மா ஊட்டுக்கே அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. கொழந்த எங்ககிட்ட இருக்கும்."

"அவ இன்னாடா சொல்றா?"

"வலிக்குதுன்றா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? வலிக்குது, வலிக்குது, எப்பக் கேட்டாலும் வலிக்குது. சாக்கு மச்சான் அது. ஆஸ்பத்திரியில காட்டனோம். தையல் ஆறிடுச்சு, எல்லாம் நார்மல்னுட்டாங்க."

பசங்களே, அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை எடுத்து அவன் மண்டையில் கவிழ்த்திருப்பேன். டீக்கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் விட்டேன். ஒருத்தி வலிக்கிறது என்கிறாள். மாமியாருக்கு அது கள்ளத்தனமாகத் தெரிகிறது. புருஷனுக்குச் சாக்காகத் தெரிகிறது. ஆஸ்பத்திரிக்கு நார்மலாகத் தெரிகிறது. வலிக்கிறது என்பவளுக்கு ஒருவேளை வலிக்கலாம் என்று மட்டும் ஒரு நாய்க்கும் தோன்றவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற கோலம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவனிடம் சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் எனக்குச் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? "ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிறு வருவதற்கு முன்னாலேயே ஹாலில் வெடித்துவிட்டது.

வெளிநாட்டு ஆட்கள் பார்வைக்கு வரப்போகிறார்கள் என்று இன்சார்ஜ் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த நேரம். ஏழாம் நம்பரில் மறுபடி ஊசி. அவர் நேராக வந்து நின்றார். லைன் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"மெக்கானிக், நேராச் சொல்லு. மெஷின் கோளாறா, ஆள் கோளாறா?"

நீங்களும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பீர்கள். ஆள் என்றால் அவள் வேலை போச்சு. வேலையும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் எதுவுமே மிச்சமிருக்காது. மெஷின் என்றால் திட்டு எனக்கு. திட்டு வாங்குவது எனக்குப் புதிதா என்ன?

"மெஷின்தான் சார்."

"அப்டியா? நீ எந்திரி மா. வேற பொண்ண உக்கார வச்சு ஓட்டிப் பாக்கறேன். ஊசி ஒடையலன்னா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பறேன்."

பக்கத்து மெஷின் பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். சங்கீதா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வேணாம் சார். நான்தான் ஒடச்சேன்."

"இன்னாது?"

"கையால ஒடச்சேன். உக்கார முடியல சார். கொழந்த பொறக்கும்போது கிழிஞ்சிடுச்சு. தச்சாங்க. உக்காந்தா அறுக்கற மாதிரி இருக்குது. ஊசி ஒடஞ்சாத்தான் எந்திரிக்க உடறீங்க."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மெஷினாக நின்றது. இன்சார்ஜுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கறதுதான் மா" என்றார்.

"ஆமா சார்," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மூன்று பிள்ளை பெற்ற ரீட்டா அக்கா. "எல்லாருக்கும்தான் இருக்குது. எனக்குத் தும்முனா ஒழுவுது. இருமுனா ஒழுவுது. இந்த மெக்கானிக்கு ஜோக்கடிச்சா சிரிக்கவே பயமா இருக்குது. இவனால எத்தினி தடவ துணி மாத்தியிருக்கேன், கேளுங்க அவன!"

ஹாலே சிரித்தது. சிரித்துக்கொண்டே இரண்டு பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். இன்னொருத்தி "எனக்குந்தான்" என்றாள். நான் பேசினால் சிலர் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு காலைக் குறுக்கிக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். என் மூஞ்சியைப் பார்த்து யார் வெட்கப்படப்போகிறார்கள்?

இன்சார்ஜ், "நர்ஸ் ரூமுக்குப் போ" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைக் காலி செய்தார். நர்ஸ் ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்து, தண்ணி நிறைய குடி என்று அனுப்பிவைத்தாள். அந்தத் தண்ணியைக் குடித்துவிட்டு எந்தப் பாஸ் அட்டையை வைத்துக்கொண்டு போவதாம்?

நான் மட்டும் மெஷின்தான் கோளாறு என்று சொன்ன சொல்லிலிருந்து இறங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஏழாம் நம்பர் மேசைக் காலை உயர்த்தி, பெடலையும் மாற்றி, நின்றுகொண்டே தைக்கிற மாதிரி செய்து வைத்தேன். பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று, முடிந்தபோது லேசாகச் சாய்ந்துகொள்ள. இன்சார்ஜ் வந்து பார்த்தார்.

"யாரைக் கேட்டுப் பண்ண?"

"மெஷின் கோளாறுன்னு சொன்னேனே சார். இதான் ரிப்பேர். இனிமே ஊசி ஒடைஞ்சா என் சம்பளத்துல புடிங்க."

உடையவில்லை. பசங்களே, வயிறு எரிகிற சங்கதி இதுதான். மெஷினுக்குக் கோளாறு என்று சொன்னால் ஸ்பேனரோடு ஆள் ஓடி வருகிறான். மனுஷிக்குக் கோளாறு என்று சொன்னால், எல்லோருக்கும் இருப்பதுதான் என்கிறார்கள். எல்லா மெஷினும் ஒரே மாதிரி கெட்டால், "எல்லாத்துக்கும் இருக்கறதுதான்" என்று சொல்லி எந்த முதலாளியாவது விடுவானா?

ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்தில் சங்கீதாவின் பை கட்டி வைத்திருந்தது. குழந்தை தினேஷின் அம்மா மடியில். தினேஷ் சுவரோரம் நின்றிருந்தான். சங்கீதா உட்காரவில்லை. அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"நீயே சொல்லு பா," என்று அவன் அம்மா என்னிடம் ஆரம்பித்தார். "நாங்கல்லாம் புள்ள பெறலையா? நான் மூணு பெத்தவ. நடவுக்குப் போனேன், தலச்சுமை தூக்கனேன். புருஷன வேணாம்னு சொன்னேனா?"

நான் தினேஷிடம் திரும்பினேன்.

"மச்சான், நீ தோல் தரம் பிரிக்கறவன்தான?"

"இப்ப எதுக்குடா அது?"

"முள்ளு கிழிச்சு ஆறின தோல கையால தடவியே சொல்லிடுவியாமே. கண்ண மூடினு கூட."

"சொல்லுவேன். அந்த எடம் வெறச்சினு இருக்கும்."

"அத ஷூ அச்சுல ஏத்தி இழுத்தா?"

"இழுபடாது. மத்த தோலு நீளும், அது நீளாது. ஜாஸ்தி இழுத்தா அங்கியே கிழிஞ்சு..."

நிறுத்திவிட்டான்.

"சொல்லுடா," என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. "செத்த ஆட்டுத் தோலு. ஆறுன காயம் இருக்குது, இழுக்காதன்னு அதுக்குப் பரிஞ்சு பேசி தனியா எடுத்து வைக்கற. உன் பொண்டாட்டி உசுரோட நின்னுனு வலிக்குதுன்னு சொல்றா. அது உனக்குச் சாக்கா? ஆட்டுக்குக் குடுக்கற மரியாத கூட அவளுக்குக் கெடையாதா?"

குழந்தை பாட்டியின் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சங்கீதாதான் பேசினாள், அவனைப் பார்த்து.

"உன்னப் புடிக்காம இல்ல. நீ கிட்ட வந்தாலே ஒடம்பு தானா இறுகிப் பூடுது. நான் இறுக்கல. அதுவா இறுகுது. எத்தினியோ தடவ பல்லக் கடிச்சினு பொறுத்துக்கினேன். அது கூட உனக்குத் தெரியல." பிறகு மாமியாரிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அத்தே. உங்களுக்கு வலிக்கலையா?"

அந்த அம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "வலிச்சுது," என்றார். "யார் கேட்டாங்க?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை, கோபம். அவர் மேல் இருந்த என் கோபம் பாதி கழன்று, வேறு யார் யார் மேலேயோ போய் உட்கார்ந்தது. அவரே எழுந்து போய் அந்தப் பையை உள்ளே வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பையை வைத்தார், அவ்வளவுதான்.

தினேஷ் அவளை வேலூரில் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். உள்ளே நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மா முதலில் அவளிடம் பேசினார். பார்க்கலாமா என்று கேட்டார். கேட்ட பிறகுதான் பார்த்தார். அதுவரை போன இடங்களில் குழந்தையை எடை போட்டார்கள், தடுப்பூசி போட்டார்கள், சீட்டைப் பார்த்தார்கள். அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்காமலேயே நார்மல்! நான் மெஷினைத் திறக்காமல் நார்மல் என்று எழுதினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

டாக்டரம்மா சொன்னது இதுதான்: பிரசவத்தில் தோல் மட்டுமில்லை, உள்ளே இடுப்பைத் தாங்குகிற தசையும் கிழிந்திருக்கிறது. அது சரியாகக் கூடாமல் தழும்பாகி இறுகியிருக்கிறது. வலிக்குப் பயந்து சுற்றியிருக்கிற தசையும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அவள் வேண்டுமென்று செய்வதில்லை, மனக்கோளாறும் இல்லை. இதற்கென்றே பயிற்சி சொல்லித்தருகிற பிசியோதெரபி அம்மா அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். தசையை இறுக்கி அடக்குகிற பயிற்சியை எடுத்ததுமே செய்யாதே, முதலில் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொள், மூச்சிலிருந்து ஆரம்பி என்றாராம். தினேஷிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார்: அவ சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க முயற்சியே பண்ணாதீங்க. பொறுத்துக்கச் சொன்னா இன்னும் இறுகும்.

"இன்னாடா திட்டுனாங்களா?" என்று கேட்டேன்.

"திட்டியிருந்தாப் பரவால்ல மச்சான். மொத நாளே வந்திருந்தா இவ்ளோ நாள் கஷ்டப்பட்டிருக்க வேணாம்னாங்க. அவ்ளோதான்."

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. மாதக்கணக்கில் போய் வந்தாள். இப்போது ஒரு சினிமா முழுக்க உட்கார்ந்து பார்க்கிறாள், இடைவேளையில் எழுந்து நடந்துகொண்டு. மற்றதை நான் கேட்கவில்லை. கேட்க நான் யார்? டீ குடிக்கும்போது தினேஷ் சிரிக்கிறான், அது போதும். ரீட்டா அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அதே பிசியோதெரபி அம்மாவைப் பார்க்கப் போனார். நான் கம்பெனியை விடும்போது ஹாலில் உயர்த்திய மேசைகள் ஒரு வரிசையே இருந்தது. எல்லாமே மெஷின் கோளாறு என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பாஸ் அட்டை மட்டும் இன்னும் லைனுக்கு ஒன்றுதானாம். அந்த ஆணியைப் பிடுங்காமல் வந்ததுதான் எனக்குக் குறை. நீங்கள் பிடுங்குங்கள்.

ஆகவே, பெரிய காதுள்ள தம்பி, கேட்டுக்கொள். ஊசி உடைந்தால் மெஷினைப் பார். மெஷினில் ஒன்றும் இல்லையென்றால் எழுந்து நிற்கிறவளைப் பார். கேள்வி கேட்டுக் குடையாதே, மேலேயும் போய்ச் சொல்லாதே. முதலில் மேசையை உயர்த்து. பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ரீட்டா அக்காவிடம் கேட்கச் சொல். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். அன்றைக்கு உன் வீட்டில் ஒருத்தி வலிக்கிறது என்பாள். அதை முதல் தடவையே நம்பு.

இதை உங்களுக்குக் கொடுப்பதற்கு முன் அவர்கள் இருவரும் படிக்க வேண்டும் என்று தினேஷுக்குப் போனில் அனுப்பினேன். "பேர் ரெண்டையும் மாத்திட்டேன், புதுப் பசங்களுக்கு யாருன்னு தெரியாது, உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்று கேட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அவளுக்குச் சம்மதமாம், அவ பேரு மாத்தினதாவே இருக்கட்டும், எம்பேர மட்டும் மாத்தாத மச்சான். நம்பாதவன் நான்தான."